செவலை நீந்தும் பூங்கா

சனிக்கிழமை, மதியம் 1.40. பசுமலை நிறுத்தத்தில் நான் நின்ற கோலத்தைப் பார்த்தவர்கள், ஆள் காசிக்குக் கிளம்பிவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். தோளில் பை, கையில் தூக்குவாளி, கக்கத்தில் கம்பளி. போகிற இடமோ வீட்டிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. சிறுமலை அடிவாரத்துப் பூங்கா. பூங்கா என்றதும் நாலு சிமெண்டு பெஞ்சும் உடைந்த சறுக்குமரமும் ஞாபகத்துக்கு வந்தால் அதை அழித்துவிடுங்கள். இது நூறு ஏக்கருக்குக் குறையாத இடம். கண்மாய், பரிசல், மலையேறும் பாதை, இரவு தங்கக் கூடாரம் எல்லாம் உண்டு. நம்ம மதுரைக்குப் பக்கத்தில்தான், சாமி!

நான் சுற்றிப் பார்க்க மட்டும் போகவில்லை. என் மகள் கயல்விழி அங்கே கூடாரப் பகுதிக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து என் மனைவி வளர்மதிக்குச் சரியான தூக்கமில்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க காட்டு வேலை? ஒரு நாள் தங்கிப் பாத்துட்டு வாங்க. சரிப்படாதுன்னா கையோட கூட்டிட்டு வந்துருங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஆக, பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவுகிற நான் அன்று நீதிபதி. கயலுக்கும் இது தெரியும். "வாங்கப்பா, ஆனா எல்லாரையும் மாதிரி டிக்கெட் எடுத்துட்டு வாங்க" என்று போனில் சொல்லிவிட்டாள்.

பெரியார் நிலையத்தில் 2.25க்குப் பாலமேடு பேருந்து கிடைத்தது. கட்டணம் இருபத்தாறு ரூபாய். ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல் பச்சைப் பசேலென்று நின்றது. அலங்காநல்லூரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் கம்பளியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எங்கண்ணே, இம்புட்டு சாமானோட?"

"பூங்காவுல கூடாரம் போட்டுத் தங்கப் போறேன்."

"அங்க தங்க எம்புட்டு?"

"ஐந்நூறு ரூவா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெளிய படுக்கக் காசா? எங்க களத்துல வந்து படுங்கண்ணே, ஒரு பைசா வேணாம்" என்றார். கிண்டலில்லை, மனசாரத்தான் அழைத்தார்.

பாலமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் நாலு கிலோமீட்டர், முப்பது ரூபாய். 4.10க்கு வாசலில் இறங்கினேன். நுழைவுக்கு முப்பது ரூபாய். பச்சைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக என் மகள் நின்றாள். சிரித்தாள், ஆனால் சலுகை எதுவும் காட்டவில்லை. "கூடாரம் பதினொன்னு. பிளாஸ்டிக் இருந்தா இங்கயே குடுத்துருங்க. அடுப்பு அந்தக் கொட்டகையில மட்டும்தான் பத்த வைக்கணும்." எனக்குச் சுருக்கென்றது. சந்தோஷமாகவும் இருந்தது.

அன்று பதினான்கு கூடாரங்களும் நிரம்பி நாற்பது பேர் இருந்தோம். கூடாரத்தில் தங்குவது நம் ஆட்களுக்குப் புதிது. பரவையிலிருந்து வந்த குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பியதுபோலவே வந்திருந்தது. புளியோதரை அண்டாவைக் கூடாரத்துக்குள் பத்திரமாக வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, வெளியே ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். நானும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். மார்கழிக் குளிர் இறங்கிய பிறகுதான் அண்டா வெளியே வந்தது, ஆட்கள் உள்ளே போனார்கள்.

ஞாயிறு, காலை 6.30. கண்மாய் மேல் பனி கலையவில்லை. அக்கரையில் பேச்சியம்மாள் என்ற பெண் தன் செவலைக் காளையை நீச்சலுக்கு இறக்கிக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு வாடிவாசலில் நிற்கப்போகிற மாடு. நெஞ்சுறுதிக்கும் மூச்சுக்கும் இந்த நீச்சல். பூங்கா வருவதற்குப் பல காலம் முன்பிருந்தே அந்தக் கண்மாயில் ஊர்க்காளைகள் நீந்துகின்றன. செவலை தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, பரம சாதுவாக, இக்கரையைப் பார்த்து வந்தது. நீளக் கயிற்றின் மறு நுனி பேச்சியம்மாள் கையில் இருந்தது. ஜமுக்காளமும் டீயுமாகக் கரையில் எல்லோரும் வேடிக்கை பார்த்தோம்.

வினை பரிசல்காரர் முருகேசன் வாயில் இருந்தது. பரிசலில் போகிறவர்களை எச்சரிக்க அவருக்கு ஒரு கை மைக்கைக் கொடுத்திருந்தார்கள். நீந்தி வருகிற காளை, கரையில் கூட்டம், கையில் மைக். எங்கள் பக்கத்து மனிதனால் இதற்கு மேல் சும்மா இருக்க முடியுமா? "இந்தா வருதுய்யா பேச்சியம்மா மாடு! தொட்டுப் பாரு, தொட்டவனுக்கு ஒரு சைக்கிள்! புடிச்சுப் பாரு, புடிச்சவனுக்கு ஒரு பீரோ!" என்று ஜல்லிக்கட்டு வர்ணனையை ஆரம்பித்துவிட்டார். கல்லூரிப் பையன்கள் ஐந்தாறு பேர் விசிலடித்தார்கள். பரவைக்காரர் துண்டைச் சுழற்றினார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் கை தட்டினேன்.

செவலைக்கு அந்தக் குரல் போதுமானதாக இருந்தது. அதன் கணக்கில் வாடி திறந்துவிட்டது. காது விறைத்தது. ஒரே உந்தில் கயிற்றைப் பேச்சியம்மாள் கையிலிருந்து பறித்துக்கொண்டு கரையேறி, நேராகக் கூடாரங்களைப் பார்த்துப் பாய்ந்தது. பதினொன்றாம் நம்பர் கூடாரத்தைக் கொம்பால் குத்தித் தூக்கி உதறியது. என் கம்பளி ஆகாயத்தில் போயிற்று. கூட்டம் நாலா பக்கமும் ஓட எழுந்தது. குழந்தைகள் வீறிட்டன.

கயல் முருகேசன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"யாரும் ஓடக்கூடாது! இருக்கிற இடத்துலயே உட்காருங்க. விசில் வேணாம். துண்டைக் கீழ போடுங்க. உட்காருங்க!"

கத்தவில்லை. குரல் தடுமாறவும் இல்லை. முதலில் பரவைக் குடும்பம் உட்கார்ந்தது. பிறகு பையன்கள். மகளிடம் ஓடுவதற்கு எடுத்து வைத்த காலோடு நான் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "பதினொன்னு, உங்களையும்தான்" என்றாள். உட்கார்ந்தேன். நாற்பது பேர் உட்கார்ந்திருந்த அந்த மைதானத்தில் நின்றவை இரண்டே உயிர்கள்: காளையும் என் மகளும். இடையில் இருபதடி தூரம்கூட இல்லை.

காளை மண்ணைக் கிளறியது. பாய்ந்து குத்தவும் ஆளில்லை, திமிலைப் பிடித்து அணையவும் ஆளில்லை. கரை சுற்றி ஓடிவந்த பேச்சியம்மாளைப் பார்த்து, "அக்கா, மெதுவா நடந்து வாங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள் கயல், மைக்கைத் தாழ்த்திக்கொண்டு. "ஏய் செவலை, வாடா தங்கம்" என்று அவர் கூப்பிட்டதுதான் தாமதம், அந்தப் பெரிய உடம்பு கன்றுக்குட்டியாகிவிட்டது. அவர் முந்தானையை முகர்ந்துகொண்டே பின்னால் போனது.

அதற்கப்புறம் கயல் தண்ணீர் குடித்தாள். ஒரு செம்பு முழுவதையும் ஒரே மூச்சில் காலி செய்தாள். போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அவளைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள், வேலை நேரம், சும்மா இருந்துவிட்டேன்.

"இனி எங்க மாட்டைக் கண்மாயில விட மாட்டீங்களா தாயி?" என்று பேச்சியம்மாள் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

"கண்மாய் உங்க ஊரோடது அக்கா. மாடு ஒன்னும் தப்பு பண்ணலயே, தப்பு மைக்கு மேலதான்" என்றாள் கயல். முருகேசன் தலையைச் சொறிந்தார்.

கிளம்பும்போது வாசலில் கரும்பலகையில் புதிதாக எழுதியிருந்தது: 'காலை 6 முதல் 7 வரை காளைகள் நீந்தும் நேரம். பரிசல் 8 மணிக்கு. வர்ணனை செய்யக்கூடாது.' வெளியூர்ப் பூங்காக்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். புல் மேல் நடக்காதே, பூவைத் தொடாதே என்றுதான் அங்கே பலகைகள் சொல்லும். காளைக்கு நேரம் ஒதுக்கிய பலகையை எங்கள் ஊரில்தான் பார்த்தேன். எழுதியவள் என் மகள். பெருமையில் நெஞ்சு விம்மியது, அதை மறைப்பானேன்?

பாலமேட்டில் 12.50 பேருந்தில் உட்கார்ந்ததும் வளர்மதி போன் செய்தாள். "என்னங்க, புள்ளயக் கூட்டிட்டு வர்றீங்களா?"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"மாடு முன்னால அவ நிக்கிறா, நீங்க உட்கார்ந்தா இருந்தீங்க?"

"அவதான் உட்காரச் சொன்னா."

"சொன்னா உட்கார்ந்துருவீங்களா?"

"நாப்பது பேரும் உட்கார்ந்தோம் வளர்மதி. யாருக்கும் ஒரு கீறல் இல்ல."

வளர்மதி போனை வைத்துவிட்டாள். பேருந்து அலங்காநல்லூர் வந்தபோது மறுபடி கூப்பிட்டாள்.

"அடுத்த சனிக்கிழமை நானும் வாரேன். என் மக சொல்லி நானும் ஒரு தடவை உட்காரணும்."