மூன்று வார்ப் பின்னல்

கையில் எது கிடைத்தாலும் பெர்சிஸ் பின்னத் தொடங்கிவிடுவாள். துப்பட்டா ஓரத்து நூல், பூக்காரம்மா தந்த வாழைநார், பஸ்ஸில் பக்கத்துச் சிறுமியின் அவிழ்ந்த ரிப்பன். மூன்றாகப் பிரிப்பாள், முறுக்குவாள், இழுத்துப் பார்ப்பாள், அவிழ்த்துவிடுவாள். பிரசங்கத்தின் நடுவில் யாராவது முறைத்தால், "வேலைக்குப் பழகிக்கிறேன்" என்று கிசுகிசுப்பாள். அது பொய்யில்லை.

பெர்சிஸ் என் தங்கை. வேலூரில் ஒரு மருத்துவமனையின் மரபணுப் பிரிவில் நர்ஸ். டாக்டர் விளக்கிவிட்டுப் போன பிறகு, விளங்காமல் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தோடு உட்காருவது அவள் வேலை. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு, பத்தாவதோடு நின்றவள். புரதம் என்றால் முட்டை, பருப்பு என்றுதான் எனக்குத் தெரியும்.

"அது சாப்புடுற கணக்குக்கா" என்பாள். "ஒடம்பு அத உருவமா செஞ்சிக்கும். ஒண்ணு கிண்ணம் மாதிரி குழியும், ஒண்ணு பூட்டு மாதிரி மடியும், ஒண்ணு மூணு புரிக் கயிறு மாதிரி முறுக்கிக்கும். உருவம் எப்டியோ வேலையும் அப்டி."

எலும்பைக் கட்டிப் பிடிப்பதும், என் மேஜைக்கு வரும் தோலில் இருப்பதும் ஒரே கயிற்றுப் புரதம்தானாம். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனிதான்க்கா."

போன மாதம் மிஞ்சிய தோல் வார்களும் செருப்பில் தைக்கும் மணிகளும் கேட்டாள். ஒரே அகலத்தில், விளிம்பில் பிசிறில்லாமல் மூன்று வார்களை வெட்டி, மடிப்புக்குள் ஒளியும்படி சின்ன மணிகள் வைத்துப் பின்னிக் கொடுத்தேன். இன்னொன்றில் ஒரே ஓர் இடத்தில் பெரிய மணி வைக்கச் சொன்னாள். வைத்தால் பின்னல் வாய் பிளக்கும் என்றேன்.

"பிளக்கணும். எனக்கு ரிஜெக்ட் பீஸ்தான் வேணும்."

கெட்ட பின்னலை என் கையால் போட மனம் வரவில்லை. அவளே உட்கார்ந்து போட்டாள், கல்யாணப் பெண்ணுக்குத் தலை பின்னுகிற அக்கறையோடு.

ஏலகிரி அடிவாரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக்காகத்தான் அது. அந்த வீட்டு மருமகளை சௌமியா என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய கைக்குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்தது. அது ஆறுவதற்குள் கையும் முறிந்தது. தூக்கத் தெரியாமல் தூக்கிப் பெற்றவளே முறித்துவிட்டாள் என்று ஊர் பேசியது. மாமியார் செல்லம்மாள் குழந்தையை அவள் கையில் கொடுப்பதையே நிறுத்திவிட்டார். பால் குடிக்கும்போதும் குழந்தையின் அடியில் மாமியாரின் கை தாங்கியிருக்கும். மரபணுக் கோளாறுதான் என்று ரிப்போர்ட் வந்த பிறகும் செல்லம்மாள் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். அதனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெர்சிஸ் அவரைத் தேடிக் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன்.

"எலும்புக்குக் கால்சியம் கம்மிம்மா. ஆட்டுக்கால் சூப்பு வச்சிக் குடுத்தா இவ எங்க குடிக்கிறா?" என்றார் செல்லம்மாள். சௌமியா சுவரோரம் நின்றிருந்தாள்.

"அதுக்குக் கொறையில்லம்மா. அதத் தாங்குற கயிறுதான் சரியா முறுக்கல."

"இதான் அந்தக் கயிறுன்னு வச்சிக்குங்க" என்று பெர்சிஸ் இரண்டு பின்னல்களையும் அவர் கையில் கொடுத்தாள். ஒரு முனையைப் பிடித்தபோது நல்லது குச்சியாக நின்றது. மற்றது பெரிய மணி இருந்த இடத்தில் மடிந்து தொங்கியது.

"இன்னாம்மா இது, ஒரு மணிக்கா இப்டி?"

"ஒண்ணுதான். உள்ள சின்னது மட்டுந்தான் அடங்கும். பாப்பா கருவா இருக்கும்போதே ஒரு எடத்துல பெருசு மாறி உக்காந்துடுச்சி. யாரும் வைக்கல. தானா ஆனது."

"அப்ப இவ தூக்குனதால இல்லியா?"

"யார் தூக்கியிருந்தாலும் ஒடஞ்சிருக்கும்."

செல்லம்மாள் அந்த மணியையே விரலால் நெருடிக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்: "மொத தபா கால் வீங்கினது, எண்ணெ தேச்சி தண்ணி ஊத்துன அன்னிக்கி. நான்தான் கால இழுத்து நீவிவுட்டேன்."

சௌமியா அவரைப் பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"நீங்களும் ஒடைக்கலம்மா" என்றாள் பெர்சிஸ். என்னிடம் நூல் கேட்கும் அதே குரல். "மணிய மாத்த முடியாது. எலும்பு கெட்டியாவறதுக்கு ஊசி இருக்குது, டாக்டர் போடுவாரு. தூக்குறதுதான் நம்ம வேலை. அக்குள்ல புடிக்கக் கூடாது. துணி மாத்த காலத் தூக்கக் கூடாது. அப்பளம் எடுக்குற மாதிரி வெரல விரிச்சி, கழுத்துக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை. வா சௌமியா."

தூளியிலிருந்து குழந்தையை ஏந்தி, மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சௌமியாவின் கைகளில் வைத்தாள். அந்தக் கைகளுக்குக் கீழே தன் கைகளைச் சற்று நேரம் வைத்திருந்து, மெல்ல உருவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். குழந்தை கொட்டாவி விட்டது. சௌமியா மூச்சு விடவில்லை.

பழக்கத்தில் செல்லம்மாளின் கை குழந்தையின் அடியில் நீண்டது. பெர்சிஸ் அதைப் பாதி வழியில் பிடித்து, விரல்களோடு விரல் பின்னி, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.