மிச்சக் குண்டான்

அந்தச் சுட்ட கறி ஹோட்டலில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இடி என்றால்தான் தெரியும். குரல் அப்படி. வாசல் பக்கத்து மேஜையருகே நின்றுகொண்டு, "தொடை ரெண்டு, விலா ஒண்ணு, கருக விட்டுடாதே!" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், கூடத்தையும் புகையையும் தாண்டிக் கரி அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாஸ்டர் காதில் அது போய் விழும். சீட்டு எழுதுகிற வேலையே கிடையாது. முதல் தடவை வருகிற கைக்குழந்தைகள் வீல் என்று அழும். அடுத்த தடவை அதுகளுக்கும் பழகிவிடும்.

கோபம் அவளுக்கு அப்பன் வீட்டுச் சீதனம். அந்த ஆள் தையல்காரர். துணியைக் குறைத்துக் கொடுத்துவிட்டுச் சட்டை இறுக்குகிறது என்று வருகிறவர்களைக் கத்தரிக்கோலோடு தெருமுனை வரை துரத்தியவர். மகளுக்கு வேறு எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. கட்டிக்கொண்டதோ ஒரு லிஃப்ட் ஆபரேட்டரை. இவள் பேசுவதற்கும் சேர்த்து அவர் பேசாமல் இருந்தார். ஒரே மகள், கட்டிக்கொடுத்தாயிற்று. நடுவில் பனியன் கம்பெனி, பள்ளிக்கூடக் கேன்டீன், பொம்மைக் கம்பெனி என்று எத்தனையோ இடம் பார்த்தாள். எல்லா இடத்திலும் வாயால்தான் வேலை போனது. சூப்பர்வைசரைப் பார்த்து, "உன் மூஞ்சிக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்" என்றால் எவன் வைத்துக்கொள்வான்? இங்கே மட்டும்தான் அந்த வாய்க்கே வேலை கிடைத்தது. அதனால் இந்த ஒரு வேலையை அவள் உயிரைப் பிடித்துக்கொள்வது போலப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹோட்டலுக்கு வருகிறவர்களில் பசிக்கு வருகிறவன் பாதி, பவுசுக்கு வருகிறவன் பாதி. டையைத் தூக்கித் தோள்மேல் போட்டுக்கொண்டு சாப்பிடுகிற பாங்குக்காரர்கள் வருவார்கள். லாரியை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு ஓடி வருகிறவர்கள் வருவார்கள். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வந்து குடும்பத் தட்டு கேட்பார்கள். அது தட்டே இல்லை, ஒரு பலகை. தொடை, விலா, இறக்கை எல்லாம் குவித்து இரண்டு பேர் சுமந்து வர வேண்டும். மச்சான் முன்னால் கெத்து காட்ட ஒருவன் அதைச் சொல்லுவான். பாதி தின்பதற்குள் எல்லாருக்கும் வயிறு முட்டிவிடும். கை படாத விலா எலும்பெல்லாம் கொழுப்பு உறைந்து அப்படியே கிடக்கும். பார்க்கிற இடிக்குப் பற்றிக்கொண்டு வரும். "திங்க முடியாதவனுக்கு எதுக்குய்யா இவ்வளவு பெரிய வாய்?" என்று முணுமுணுப்பாள். அவள் முணுமுணுப்பு பக்கத்து மேஜைக்குக் கேட்கும்.

அந்த மிச்சத்துக்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கடித்துப் போட்டது குப்பைக்கு. பலகையில் கை படாமல் கிடப்பது பின்கட்டில் இருக்கிற அலுமினியக் குண்டானுக்கு. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் மாஸ்டர் அதை எல்லாருக்கும் பங்கு வைப்பார். ஹோட்டலை ஆரம்பித்த பெரியவர் முதல் நாளே சொன்னது அது: "நாள் முழுக்க வாசம் பிடிக்கிறவன் வாயில கொஞ்சமாவது விழணும்பா. இல்லேன்னா அந்தக் கறி வியாபாரம் விளங்காது."

பங்கு வைக்கிற நேரத்தில் உட்கார முடியாதவள் ஒருத்திதான். பாத்திரம் கழுவுகிறவள். கூட்டம் ஓய்ந்தால்தானே அவளுக்குப் பாத்திரம் மலையாகக் குவியும்? அதனால் அவள் மட்டும் ஒரு நடை பாத்திரத்துக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் குண்டானில் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, இரண்டு மெல்லு மென்று விழுங்கிவிட்டுத் திரும்பக் குழாயடிக்கு ஓடுவாள். இதுவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நடப்பதே தெரியாமல் நடப்பாள் என்பதால் அவளுக்குப் பூனை என்று பேர். ப்ளீச்சிங் பவுடரிலும் சோப்பு ஆவியிலும் வருஷக்கணக்காக முகத்தைக் காட்டிக் காட்டி அவள் மூக்கு செத்துப்போயிருந்தது. கறி கருகினாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. "மீன் வாசமே தெரியாத பூனையை உலகத்துல எங்கேயாவது பாத்திருக்கீங்களா?" என்று இடி கிண்டல் பண்ணுவாள். பூனை சத்தமில்லாமல் சிரிப்பாள். அந்த ஹோட்டலிலேயே இடி திட்டாத ஒரே ஆள் அவள்தான்.

பெரியவருக்கு முட்டி போய் வீட்டோடு உட்கார்ந்ததும் மருமகன் கல்லாவுக்கு வந்தான். மாப்பிள்ளை முதலாளி. எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன் என்பார்களே, இவன் கை கழுவின பிறகும் ஓட்டமாட்டான். வந்து கொஞ்ச நாள் மூலையில் நின்று பார்த்தான். பிறகு ஒருநாள் காலையில் எல்லாரையும் பின்கட்டில் நிற்க வைத்தான். கையில் ஒரு பினாயில் பாட்டில்.

"பெருசா எடுங்க, பெருசா எடுங்கன்னு வர்றவங்களைத் தூண்டி விடுறது நீங்கதான். மிச்சம் விழணும், நீங்க உக்காந்து திங்கணும். எனக்குத் தெரியாதா?"

"ஏன் தம்பி, அவங்க பெருசா எடுத்தா கல்லாவுக்குத்தானே லாபம்?" என்றாள் இடி.

"தம்பி இல்லை. சார். இனிமே குண்டான்ல மிச்சம் விழுந்ததும் இதை ஊத்திடணும். குப்பைன்னு ஆயிட்டா யாருக்கும் ஆசை வராது பாருங்க." பாட்டிலை அவளிடமே நீட்டினான். "நீதான் இங்க சீனியர். நீயே ஊத்து. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளைப் பாக்குறேன்."

சொல்லியிருக்க வேண்டும். தையல்காரன் மகளாக இருந்தால் அந்தப் பாட்டிலை அவன் தலையிலேயே கவிழ்த்திருக்க வேண்டும். ஆனால் இந்த வயதில் இன்னொரு வாசலில் போய் நின்றால் எவன் சேர்ப்பான் என்ற நினைப்பு வந்து நாக்கைக் கட்டிப்போட்டது. வாங்கிக்கொண்டாள். வாங்கின கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அன்று மத்தியானம் கூட்டமான கூட்டம். முதல் பலகை மிச்சம் குண்டானுக்கு வந்ததுமே அவள் போய் ஊற்றினாள். ஒரு மூடி ஊற்ற வேண்டியதற்குக் கால் பாட்டிலைக் கவிழ்த்தாள். கறிச்சாறும் கொழுப்புமாக இருந்ததில் அது இருந்த இடமே தெரியவில்லை, நாற்றம் மட்டும் குப்பென்று கிளம்பியது. "திங்கிற பண்டத்துல விஷத்தை ஊத்துறோமே, நாம உருப்படுவோமா? நாசமாப் போக!" என்று குண்டான் மூடியை ஓங்கி அறைந்து மூடிவிட்டுக் கூடத்துக்குப் போனாள். போய், யாரோ ஒரு அப்பாவி கூடக் கொஞ்சம் வெங்காயம் கேட்டதற்கு அவன்மேல் எரிந்து விழுந்தாள்.

பூனை காலையில் இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமென்று அரை நாள் லீவு. மத்தியானம் பின்வாசல் வழியாக வந்தவள் குவிந்து கிடந்த பாத்திரத்தைப் பார்த்துச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் பின்கட்டில் பேசினது அவளுக்கு எப்படித் தெரியும்? இந்த நாற்றத்துக்குச் செத்தவனே எழுந்து ஓடுவான், தனியாகச் சொல்ல வேறு வேண்டுமா என்று எல்லாருமே இருந்துவிட்டார்கள். அந்த மூக்கு செத்த மூக்கு என்பது எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவள் இடி. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அவளுக்கு அந்த நேரத்தில் மாப்பிள்ளை முதலாளியின் மூஞ்சியைத் தவிர வேறு எதுவும் ஞாபகத்தில் இல்லை.

முதல் நடை பாத்திரம் முடித்து வந்த பூனை வழக்கம்போல மூடியைத் திறந்தாள், ஒரு விலாத்துண்டை எடுத்தாள், அவசர அவசரமாக இரண்டு வாய் விழுங்கினாள். வாசம் தெரியாதவளுக்கு ருசியும் பாதிதான். தொண்டை எரிந்த பிறகுதான் அவளுக்கு எதுவோ தெரிந்தது. பாத்திரங்கள் சரிகிற சத்தம் கேட்டுக் கூடத்திலிருந்து இடி ஓடி வந்தபோது, பூனை தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். வாயில் நுரை. மாஸ்டர் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார். திறந்து கிடந்த குண்டானைப் பார்த்தாள் இடி. "ஐயோ, அவளுக்குத் தெரியாதே! பாவி நான், அவளுக்குத் தெரியாதே!" என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

உயிருக்கு ஆபத்தில்லை, தொண்டை மட்டும் வெந்துபோயிருக்கிறது என்று மாஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து சொன்னார். அதைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளை முதலாளி இடியைக் கரி மூட்டை அடுக்கி வைத்திருக்கிற அறைக்குக் கூப்பிட்டான்.

"அவ வீட்டுக்காரன் வந்து கேப்பான். எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் ஊத்தினோம், இவ தெரிஞ்சே திருடித் தின்னுட்டான்னு சொல்லிடு."

"அவகிட்ட யார் சொன்னது?"

"நீதான்."

"நான் சொல்லலையே!"

"அப்போ சொல்லாம ஊத்தினவ நீ. ஊத்தினது உன் கைதானே, என் கை இல்லையே? விஷயம் வெளிய போனா யாரைப் பிடிப்பாங்கன்னு நீயே யோசிச்சுக்கோ. வேலையும் வேணும்ல உனக்கு?"

வீட்டில் அன்று அவள் சோற்றைத் தொடவில்லை. லிஃப்ட்காரர் என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லை போங்க" என்றாள். அவள் அவ்வளவு சின்னக் குரலில் பேசி அவர் கேட்டதே இல்லை. பயந்துபோய்த் தட்டை எடுத்து மூடி வைத்தார்.

மறுநாள் மத்தியானம், கூடம் நிறைந்திருக்கிற நேரத்தில், பூனையின் புருஷன் வந்தான். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன். கைமுட்டி வரை வெள்ளையாக இருந்தது, வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறான். கல்லாவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சார், அவளால பேச முடியலை. என்ன நடந்துச்சுன்னு சொன்னீங்கன்னா..."

"என்ன நடக்கும்? உன் பொண்டாட்டி திருட்டுத்தீனி தின்னா. பினாயில் ஊத்தின குப்பைன்னு சொல்லியும் கேக்கலை. நம்பிக்கை இல்லைன்னா அதோ நிக்கிறாளே, அவளைக் கேளு. நேர்ல சொன்னதே அவதான்."

சாப்பிடுகிறவர்கள் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெயின்ட்டுக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். பொண்டாட்டி திருடி என்று நாலு பேர் முன்னால் கேட்ட மனுஷன் எப்படி நிமிர்வான்? குனிந்தபடியே இடியைப் பார்த்து, "நெசமாக்கா?" என்றான்.

இடி கையிலிருந்த பலகையைப் பக்கத்து மேஜையில் தடாலென்று வைத்தாள். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தாள்.

"மாஸ்டர்! நல்லாக் கேட்டுக்க! எல்லாரும் கேட்டுக்கங்க! நீங்க தின்னு மிச்சம் வச்ச கறியை நாங்க திங்கக் கூடாதுன்னு இந்த ஆளு பினாயில் ஊத்தச் சொன்னாரு! ஊத்தினது நான்! இந்தக் கை! அந்தப் புள்ளைக்கு வாசம் தெரியாது, அவகிட்ட யாரும் சொல்லலை, நானும் சொல்லலை! அவ திருடி இல்லை! வருஷக்கணக்கா எல்லாரும் தின்னதைத்தான் அவளும் தின்னா! நான் பொய் சொல்றேன்னா எவனாவது எழுந்து சொல்லுங்கடா பாப்போம்!"

ஒருவனும் எழவில்லை. மாப்பிள்ளை முதலாளியின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "வெளிய போடி!" என்றான். அவள் அதற்குள்ளேயே ஏப்ரனைக் கழற்றிக் கல்லாமேல் எறிந்திருந்தாள். மாஸ்டர் ஒரு நிமிஷம் இடுக்கியைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு குனிந்து, அடுப்பிலிருந்த தொடையைத் திருப்பிப் போட்டார். அவருக்கும் வீடு இருக்கிறது, வாசல் இருக்கிறது. அவள் படியிறங்கும்போது உள்ளே யாரோ, "அப்போ எங்க குடும்பத் தட்டு வருமா வராதா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "வரும்யா, வரும்! நல்லாத் தின்னு!" என்று தெருவிலிருந்தே கத்தினாள்.

பெயின்ட்டுக்காரனோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வேலை போய்விட்டதே என்ற கவலைகூட அவளுக்கு இல்லை. நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. வழியெல்லாம், "விட்டேனா பாத்தீங்களா? மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு!" என்று அவனிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் ம் கொட்டிக்கொண்டே நடந்தான்.

கட்டிலில் பூனை பாதியாய்க் கிடந்தாள். இடி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல், அவன் சொன்னதை அவன் குரலிலும் தான் சொன்னதைத் தன் குரலிலும் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் வந்து மெதுவாகப் பேசச் சொல்லிவிட்டுப் போனாள். "உன்னைத் திருடின்னு சொன்னான்டி. சும்மா விடுவேனா? ரோடு வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டு வந்தேன்" என்று முடித்தாள்.

பூனை மெல்லத் தன் கையை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. இடி காதை அவள் வாயருகே கொண்டுபோனாள்.

"ரோடு வரைக்கும் கேக்கக் கத்துவியேக்கா. ஊத்தியிருக்குன்னு எனக்கு ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?"

இடி நிமிர்ந்து பெயின்ட்டுக்காரனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

"குடுக்கலையேடி" என்றாள். அவளுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.