இடது காலில் வந்தது

அமெரிக்காவின் ஏரிக்கரைத் துறைமுக ஊரான டுலூத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் லோரெட்டா கிவேலா, காதைவிடப் பாதத்தை நம்புகிறவள். எஞ்சினில் கோளாறு என்றால் உள்ளங்காலுக்குத்தான் முதலில் தெரியும். மாலைகளில் ஊர் இசைக்குழுவில் டபுள் பேஸ் வாசித்தாள். வில்லால் வாசிக்கும், ஆளைவிட உயரமான தந்தி வாத்தியம். அடியில் இருக்கும் இரும்புக் காலைப் பலகை மேடையில் ஊன்றி, மரத்தோடு உடம்பைச் சாய்த்து நிற்க வேண்டும். தாழ்ந்த சுரங்கள் அவளுக்கு இடுப்பெலும்பில் கேட்டன. அதற்கும் தாழ்ந்தவை முழங்காலுக்குக் கீழே.

அவளுக்கு இடப்பக்கம் வெண்டல் ஓஸ்ட்பி நிற்பார், பேஸ் வரிசையின் முதல் ஆள். அவர் வில்லைத் தந்தியில் வைத்ததுமே, ஒலி எழுமுன், பலகை வழியாக ஒரு சிலிர்ப்பு அவளுடைய இடது காலுக்கு வரும். அப்போதே அவளும் வில்லை நகர்த்திவிடுவாள்.

குழுவை நடத்தும் ப்ராட்டின் குச்சியை அவள் உற்றுப் பார்த்தால் வெண்டல் சொல்வார்: "அந்த மனுஷன் குச்சிய ஏன் மொறைக்கிற? அது ஏரில மீன் பிடிக்கத்தான் லாயக்கு."

"நீங்க எப்பவும் மயிரிழை முந்துறீங்க வெண்டல்."

"பேஸ் வாசிக்கிற நாம கெழட்டு யானைங்க. முன்னாடியே கெளம்புனாத்தான் நேரத்துக்குப் போய்ச் சேருவோம்."

ஏரியில் பனி உடையத் தொடங்கியபோது வெண்டல் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவர் நினைவாக நடக்கவிருந்த கச்சேரியில் முதல் உருப்படி பேஸ் வரிசையின் ஒற்றைத் தாழ்சுரத்தோடு தொடங்குவது. "சரியா எடுத்துக் குடுத்தீங்கன்னா வெண்டலோட எடம் ஒங்களுக்கு. தடுமாறினா மினியாபொலிஸ்லேருந்து ஆள் வரும்," என்றார் ப்ராட். தன் வாழ்நாளில் தானாக எதையும் தொடங்கியதில்லை என்பது லோரெட்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

நினைவுக் கச்சேரியில் இறந்தவரின் இடத்தில் யாரும் நிற்காதது குழுவின் வழக்கம். வெண்டலின் மனைவி டார்லீன் ஒத்திகைக்கே அவருடைய வாத்தியத்தைக் கொண்டுவந்து, ஸ்டூலில் சாய்த்து, இரும்புக் காலை மேடைப் பலகையில் அவர் எப்போதும் ஊன்றிய பழைய குழியிலேயே ஊன்றினாள்.

"முடிஞ்சதும் ஒன் வண்டியில ஏத்தித் தரேன்," என்றாள் லோரெட்டா.

"இங்கயே கெடக்கட்டும்." டார்லீன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒத்திகையில் மற்றவர்கள் வாசித்தபோது அதுவும் முனகியது. சும்மா நிற்கும் எந்த வாத்தியமும் அப்படித்தான். லோரெட்டா தன் கம்பளிக் கழுத்துத் துணியை மடித்துத் தந்திகளுக்கு அடியில் இறுகச் செருகினாள். முனகல் நின்றது.

கச்சேரியன்று அரங்கம் அடங்கியது. ப்ராட்டின் குச்சி உயர்ந்தது. அது மேலேயே நிற்கையில் இடது காலில் அந்தச் சிலிர்ப்பு வந்தது.

அவள் வில் நகர்ந்துவிட்டது. வரிசை முழுக்கக் கூடவே நகர்ந்தது. துறைமுகப் பாலத்தடியில் இரும்புத்தாதுக் கப்பல் நுழைவதுபோல் ஒலி அரங்கத்துக்குள் வந்தது.

முடிந்ததும் ப்ராட் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நான் குச்சிய எறக்கவே இல்ல. ஆனா இப்படி ஒரு தொடக்கம் நான் கேட்டதில்ல. எடம் ஒங்களுக்குத்தான்."

"நான் ஒன்னப் பாத்து ஆரம்பிக்கல லோரெட்டா," என்றான் பேஸ் வரிசையில் பின்னால் நின்ற ஹாங்க். "கால்ல வந்துச்சு."

லோரெட்டா குனிந்து வெண்டலின் வாத்தியத்தைப் பார்த்தாள். துணி செருகியபடியே இறுகி இருந்தது.

டார்லீன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இது வீட்ல இருந்தவரைக்கும் அடுப்படியில வெறுங்காலோட நிக்க முடியல. அதான் கொண்டாந்தேன்."

ப்ராட் பதிலுக்காகக் காத்திருந்தார்.

லோரெட்டா இடது காலைப் பலகையிலிருந்து மெல்ல எடுத்தாள்.

"அந்த எடம் காலியா இல்லையே," என்றாள்.