கீழ்வீட்டுக் கூரையில் என் பாட்டு

“அண்ணா, பாத்ரூம்ல ஒக்காந்துக்கினா பேசுற?” என்று விழுப்புரம் ஹாஸ்டலிலிருந்து தங்கை கவிதா போனில் கேட்டபோதுதான் உறைத்தது. நான் இருந்தது என் கூடத்தில். கையைத் தட்டினேன், சுவர் திருப்பித் தட்டியது. ஜெர்மனியில் நான் பிடித்த இந்த வாடகை வீட்டில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, புத்தக அலமாரி, ஆசையாய் வாங்கிய ஸ்பீக்கர்கள். மற்றபடி மொட்டைச் சுவர். பாடுபவர் குரல் கரைந்துபோய் பேஸ் என்கிற அடித்த சத்தம் மட்டும் அண்டாவுக்குள் உருள்வதுபோல் உருண்டதற்கு ஸ்பீக்கர் காரணமில்லை. அறைதான்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு ஸ்பீக்கர் இதைவிட மட்டம். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். கொடியில் தொங்கும் துணிகள், சுருட்டிய மெத்தை, மல்லாட்டைக் கடலை மூட்டை, இவையெல்லாம் எதிரொலியை விழுங்கியிருக்கின்றன! உடனே அந்த வீட்டை இங்கே கட்ட ஆரம்பித்தேன். கனத்த போர்வைகளைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கவிட்டேன். தரையில் கம்பளம் விரித்தேன். அலமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினேன். குரல் துலங்கிவிட்டது. இனி சத்தம் வெளியே போகாது என்று நம்பி, ஞாயிறு காலை வால்யூமை ஏற்றினேன்.

இங்கே ஞாயிறு முழுக்க ‘ரூஹெட்சைட்’, அமைதி நேரம். எங்கள் தெருவிலோ அன்றைக்கு யார் வீட்டுப் பாட்டு முதலில் தெருமுனையைத் தொடுகிறது என்பதில்தான் போட்டி. அதற்காகவே ஸ்பீக்கரைத் தரையில், சுவர் மூலையில் வைப்போம். பேஸ் தூக்கிக் கொடுக்கும். கை பழகிய பழக்கம், இங்கேயும் அப்படியே வைத்திருந்தேன்.

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டில் தனியாக வசிக்கும் ஃபிராவ் வேபர், அதாவது திருமதி வேபர். இன்னொரு புகார் வந்தால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று உரிமையாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். என் பெயரைக் கேட்டதுமே வீடு இல்லை என்றவர்களைத் தாண்டிக் கிடைத்த வீடு இது. பதற்றத்தில், எங்கள் மொழிப் பாட்டு உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்தது.

“பாட்டா? ஒரு நாள்கூட எனக்குப் பாட்டு கேட்டதில்லை. டும், டும். அவ்வளவுதான். என் அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் ஆடுகின்றன.”

அடுத்த ஞாயிறும் ஆடினால் உரிமையாளருக்குப் போன் செய்வேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கவிதாவிடம் புலம்பினேன்.

“போர்வ தொங்கவுட்டா தர சும்மா இருக்குமா? ஸ்பீக்கர அந்தம்மா தலமேலயே வெச்சிக்கினு கீற. நம்ம தெருன்னு நெனப்பா? ஜல்தியா எட்து வைண்ணா, இல்லன்னா பொட்டி கட்டு.”

உண்மைதான். போர்வை அறைக்குள் எதிரொலியை அடக்கும். தரைக்குள் இறங்கும் அதிர்வை அதனால் பிடிக்கமுடியாது. இன்று ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இழுத்து, ஸ்டூலில் ஏற்றி, அடியில் தடித்த ரப்பர் கொடுத்திருக்கிறேன். ஒலி தெளிந்ததால் வால்யூமும் பாதி போதும். ஆனால் இது போதுமா என்பது மேலே இருந்தால் தெரியாது.

ஆகவே இடம் மாறி நின்று சோதித்துப் பார்க்கலாமா என்று ஃபிராவ் வேபரிடம் போய்க் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சம்மதித்தார். சனிக்கிழமை காலை அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டைப் பிடித்துக்கொள்வார். நான் அவர் வீட்டில், குவளை அலமாரி பக்கத்தில் நிற்பேன். மேலே எங்கள் ஊர்ப் பாட்டை அவர் முதல்முறையாகச் சொல்லோடு கேட்பார். கீழே நான், அது என் காதில் விழக்கூடாதே என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.