ஒழுகிய மூலையில் ஓர் அருவி

எனக்கு எண்பத்தைந்து முடிந்துவிட்டது. பெற்றது ஐந்து, தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக ஏழு பேரை ஆளாக்கியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் சாரல் விழத் தொடங்கினால் முதலில் நினைவுக்கு வருவது எங்கள் வாத்தியார், சார்வாளின் குடை. மூங்கில் பிடி, கறுப்புத் துணியில் இரண்டு ஒட்டு.

மேலகரத்தில் எங்கள் பள்ளிக்கூடம் ஓலைக் கொட்டகை. தரையில் பரப்பிய ஆற்றுமணலில் விரலால் எழுதிப் படித்தோம். பெண்பிள்ளைகள் மூன்றே பேர்; நான் ஒன்றாம் வகுப்பு. அம்மாவுக்குத் தம்பி பிறந்திருந்த நேரம். தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும், இன்றோடு உனக்குப் படிப்பு போதும் என்று ஒருநாள் காலையில் அப்பா சொல்லியிருந்தார். மதியம் கூட்டிப்போக வருவார். நான் காலையிலிருந்தே வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மேற்கு மூலையில் கூரை ஒழுகியது. நனையாமல் இருக்க ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஒதுங்கினோம். சார்வாள் கோபிக்கவில்லை. “ஏலே, ஏன் ஓடுதீய? குத்தாலத்து அருவில்லா கொட்டுது!” என்றார். குடையை மடக்கி அதன் நுனியால் அந்த மூலையிலிருந்து மணலில் சிற்றாற்றைக் கீறினார். கிழக்கே ஒரு கல்லை வைத்துத் தென்காசி என்றார். அவரவர் வயல் இருக்கும் இடத்தில் பாத்தி கட்டி, அதில் அப்பா பெயரை எழுதி, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவர வேண்டும்.

தினமும் தூங்கி வழிந்து ராகம் போட்டுப் பாடம் ஒப்பித்த பிள்ளைகள்தான்! “எங்க வயலுக்குத்தாம்லே மொத முறை!” “போலே, ஒங்க மடையே இன்னும் தொறக்கல!” கொட்டகை அதிர்ந்தது. ஒழுகும் தண்ணீர் தலையில் விழுவதுகூடத் தெரியாமல் சார்வாள் எங்களுக்குள் குனிந்து குனிந்து நடந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்போது அப்பா வந்து வாசலில் நின்றார். “சார்வாள், பிள்ளைய அனுப்புங்க. இனிமே வர மாட்டா.”

“ஒங்க வயலுக்கு இன்னும் தண்ணி பாயல அண்ணாச்சி. பாஞ்சதும் கூட்டிட்டுப் போங்க” என்றார் சார்வாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். “ஏட்டி, இது என்ன கிறுக்கி வச்சிருக்க?”

“ஒங்க பேருப்பா.”

கைநாட்டு வைத்தே பழகியவர். அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் தண்ணீர் எங்கள் பாத்திக்கு வந்துவிட்டது. தண்ணீர் முறைக்காகச் சொந்தத் தம்பியோடு மல்லுக்கு நின்ற மனிதர், ஓடிவந்த தண்ணீருக்குக் குறுக்கே கையை வைத்து அடைத்தார். “பேரு அழிஞ்சிரும்லா” என்றார்.

“அப்ப வயலு பாயலியே அண்ணாச்சி, பிள்ளைய எப்படிக் கூட்டிட்டுப் போவீக?”

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அப்பா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, “சரி, நாளைக்கும் வரட்டும்” என்றார். அந்த ‘நாளை’ மூன்றாம் வகுப்பு வரை நீண்டது.

சாயங்காலம் சார்வாள் குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி, விரிக்கவே மறந்து, சாரலில் நனைந்துகொண்டே சிரித்தபடி போனார். நுனியில் மணல் ஒட்டியிருந்தது.

இப்போது அந்த இடத்தில் காரைக் கட்டடம், ஒழுகாது. பேத்தியின் குடை மடித்தால் கைப்பைக்குள் போய்விடுகிறது. அதை வைத்து ஆறு கீற முடியாது. இதை எழுத எனக்கு நாலு நாள் ஆனது. காலோ கொம்போ விட்டுப்போயிருக்கும். ஏட்டி பேத்தி, இந்தா, சத்தமா வாசி. எங்கப்பா கை வச்ச எடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி வாசி.