மொட்டைத் தலைக்கு அட்டெண்டன்ஸ் இல்லை

மாணவனாக இருப்பதும் ஓர் உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, லீவு உண்டு, எப்போது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் மற்ற உத்தியோகங்களைவிட அதிகம். அறுபதுகளில், செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரத்திலிருந்து ஒரு பெரிய சர்க்கார் பல்கலைக்கழகத்துக்குப் பி.யூ.சி. என்ற ஒரு வருஷப் படிப்புக்குப் போனவன் நான். ஐம்பதைத் தாண்டிய இந்த வயதிலும் அந்த ஒரு வருஷம் என்னை விடவில்லை. பள்ளிக்கூடம் முழுவதும் தமிழில் படித்துவிட்டு இங்கிலீஷ் வகுப்பில் போய் விழுந்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தபால்காரர் பின்னால்

எஸ்.எஸ்.எல்.சி. தேறி, மனுப் போட்டாயிற்று. இன்டர்வியூ கார்டு வரவேண்டும். திண்டிவனத்து பஸ்ஸில்தான் செஞ்சிக்குத் தபால் மூட்டை வரும். தினமும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், அந்த மூட்டை இறங்குவதைப் பார்ப்பேன். பிறகு தபாலாபீஸ் வாசலில் நிற்பேன். தபால்காரர் பையோடு கிளம்பினால், கொஞ்சம் தள்ளி நானும் கிளம்புவேன்.

என் கார்டை வேறு யார் வீட்டிலாவது போட்டுவிட்டால்? பையிலிருந்து நழுவி விழுந்து மாடு மென்றுவிட்டால்? மனுவில் ஊர்ப் பெயரைச் சரியாக எழுதினேனா என்பதே சந்தேகமாகிவிட்டது. கடைவீதியில் ஒருநாள் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கார்டுதான் என்று ஓடினேன். "தம்பி, உன்னை அசிஸ்டென்டா போட்டுட்டாங்களான்னு கடைக்காரங்க எல்லாம் கேக்குறாங்க. கார்டு வந்தா நானே வந்து குடுக்கறேன். வரலன்னா என் பின்னாடி வந்து இன்னா பண்ணப் போற?" என்றார்.

ஏறாத மலை

கார்டு வந்தது. நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) நானும் திண்டிவனம் போய் ரயிலேறினோம். நைனா பல்கலைக்கழக வராந்தாவில் நின்றுகொள்ள, நான் உள்ளே போனேன். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவர் என் ஊரைக் கேட்டார். செஞ்சி என்றதும் முகம் மலர்ந்து, தமிழுக்கு மாறினார். "உங்க கோட்டை மலை, ராஜகிரி உச்சியில காத்து எப்படி அடிக்கும், சொல்லு பார்ப்போம்!" என்றார்.

எனக்குத் தெரியாது. நான் ஏறியதில்லை. எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் ஏறியதில்லை. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கத்தான் மலையைப் பார்ப்போம். பொய் சொல்லியிருக்கலாம். காற்று பலமாக அடிக்கும் என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? அந்த நேரத்தில் அதுகூடத் தோன்றவில்லை. "ஆடு ஏறிட்டா அதைப் புடிக்க ஏறுவாங்க சார். எங்க ஆடு ஏறாது" என்று சொல்லிவிட்டேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "இவங்க ஆட்டுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லாம போச்சே. ரெண்டு தடவை ஏறித் தொலைச்சேன்."

வாசலில் விட்டது

பெரியவர் சொன்னது வேடிக்கையா, வேண்டாம் என்பதா என்று புரியாமல் வெளியே வந்தால், என் செருப்பைக் காணோம். தாலுக்கா ஆபீசுக்குப் போனால் செருப்பை வாசலில் விடுவதுதான் எங்களுக்குப் பழக்கம். அங்கேயும் அப்படியே விட்டிருந்தேன். என்னைப்போல் இன்னும் சிலரும் விட்டிருந்தார்கள். பட்டணத்துப் பையன்கள் பூட்ஸ் காலோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

பெருக்குகிறவர்கள் செருப்புகளையெல்லாம் மூலையில் தள்ளியிருந்தார்கள். பியூன்தான் காட்டினார். தலை நரைத்த மனிதர். "வருஷா வருஷம் பாக்கறேன் தம்பி. வெளியே செருப்பை உட்டுட்டுப் போற பசங்களுக்கு சீட்டு என்னமோ கெடைச்சிடுது. லீவுக்கு ஊருக்குப் போனாதான் பாதிப் பேரு திரும்பி வரமாட்டேன்றாங்க" என்றார்.

முன்னால் இருப்பவன்

பியூன் சொன்னபடி சீட்டு கிடைத்தது. கிடைத்த சந்தோஷம் முதல் வகுப்பு மணி அடிக்கும்வரைதான் இருந்தது. படிப்படியாக உயர்ந்த பெரிய ஹால். கீழே மிகச் சிறியவராகத் தெரியும் ஒருவர் நின்றுகொண்டு, மூச்சு விடாமல் இங்கிலீஷ் பேசுவார். சுற்றி இருப்பவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன், அவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருப்பேன். இங்கே எனக்கு என்ன வேலை என்று தினமும் என்னையே கேட்டுக்கொண்டேன்.

பக்கத்தில் அந்தோணி உட்காருவான். தொண்டூர்ப் பக்கத்துப் பையன், மாதா கோவில் சாமியாரிடம் இங்கிலீஷ் கற்றவன் என்று கேள்வி. அவன் மளமளவென்று எழுதுவான். அவன் எழுதுவதைப் பார்த்து நான் எழுதுவேன். பல வாரம் இப்படிப் போயிற்று. ஒருநாள் வெட்கத்தை விட்டு, "இந்த வரிக்கு இன்னா அர்த்தம் அந்தோணி?" என்று கேட்டேன். அவன் பேனாவை நிறுத்தாமலே சொன்னான்: "எனக்கு இன்னாடா தெரியும்? நானே முன்னாடி இருக்கிறவனைப் பாத்துதான் எழுதறேன்."

செஞ்சிக் கரண்டு

தீபாவளிக்கு ஊருக்கு வந்தேன். நைனாவின் அண்ணன், என் பெரியப்பா, கிணற்றுக்குப் புதிதாக மோட்டார் வைத்திருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததை நைனாவைவிட அதிகம் சொல்லித் திரிந்தவர் அவர்தான். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. வேர்க்கடலைக் கொல்லையில் வேலையாக இருந்தவர்கள் எல்லாரும் கிணற்றடிக்கு வந்துவிட்டார்கள். "புள்ளதான் கரண்டைப் பத்திப் படிக்குதே, பாக்கட்டும்" என்றார்கள்.

நான் சுற்றி வந்து பார்த்தேன். குனிந்து பார்த்தேன். எங்கள் புத்தகத்தில் கம்பியும் பாட்டரியும் கோடுகளாக இருக்கும். இப்படி எண்ணெய் வழிந்துகொண்டு உறுமாது. எல்லார் கண்ணும் என் முதுகில் குத்தியது. படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் அங்கே என்னதான் செய்கிறேன்? யாரோ வாய்விட்டே கேட்டார்: "அம்மாந்தூரம் போயி இன்னாத்த சொல்லித் தராங்க?" பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "எங்க புள்ள படிக்கிறது காலேஜிக் கரண்டு. இது செஞ்சிக் கரண்டு, நோஞ்சான். ரெண்டுத்துக்கும் இன்னும் பழக்கமாவல, போயி வேலையைப் பாருங்கய்யா."

கருமாதி வரைக்கும்

பொங்கல் கழிந்த கொஞ்ச நாளில் அந்தப் பெரியப்பா இறந்துபோனார். தந்தி கிடைத்து ஓடிவந்தேன். பிள்ளையில்லாதவர், நான்தான் கொள்ளி வைத்தேன். கொள்ளி வைத்தவன் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை ஊரை விட்டுப் போகக்கூடாது. தலையையும், அப்போதுதான் அரும்பியிருந்த மீசையையும் வழித்தாயிற்று. தம்பி என்ற முறையில் நைனாவும் வழித்துக்கொண்டார்.

உட்கார்ந்திருந்தது துக்க வீட்டில், நினைப்பெல்லாம் வகுப்பில். ஏற்கெனவே காய்ச்சலில் சில நாள் போயிருந்தது. வருகை குறைந்தால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் தரமாட்டார்கள். ஹால் டிக்கெட் இல்லையென்றால் வருஷம் போயிற்று. இன்னொரு வருஷம் படிக்கவைக்க நைனாவால் ஆகாது. பெரியப்பாவுக்காக அழும்போதுகூட எதற்காக அழுகிறேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. முன்னாலேயே கிளம்பிவிடலாமா என்று பெரியம்மாவிடம் மெல்லக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "போறதுன்னா போப்பா. ஆனா நீ போயிட்டா, அந்த மனுசன் மறுபடியும் புள்ளையில்லாதவரா ஆயிடுவாரு" என்றார்.

ஃபார்ட்டி ஒன்

கருமாதி முடிந்த மறுநாளே வகுப்பில் இருந்தேன். ஃபிசிக்ஸ் லெக்சரர் வருகைப் பதிவில் கெட்டிக்காரர். மற்றவர்கள் குனிந்தபடி நம்பர் வாசிப்பார்கள். இவர் ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பார். ஒருவனுக்காக இன்னொருவன் குரல் கொடுப்பது அவரிடம் நடக்காது. "ஃபார்ட்டி ஒன்" என்றார். "பிரசன்ட் சார்" என்று எழுந்தேன். அவர் பார்த்தது முடியும் மீசையும் இல்லாத ஒரு புது முகத்தை. யாருக்கு யார் குரல் கொடுப்பது, உட்கார் என்று இங்கிலீஷில் அதட்டிவிட்டு, ஆப்சென்ட் போட்டார். ஹால் முழுக்கச் சிரிப்பு. அந்தோணி எழுந்து ஏதோ சொல்லப் போனான். அவனையும் சேர்த்து விரட்டினார்.

மறுநாளும் அதே கதை. அதன்பிறகு அவர் வகுப்பில் நான் குரல் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். ஏன்? இன்றுவரை யோசிக்கிறேன். நீ நீயில்லை என்று ஒரு பெரிய மனிதர் சொன்னால், அதை மறுத்துச் சொல்லும் இங்கிலீஷ் என்னிடம் இல்லை. தமிழிலாவது இருந்ததா என்பதும் சந்தேகம்தான். தினமும் உட்கார்ந்து பாடம் கேட்டேன், தினமும் ஆப்சென்ட் ஆனேன். கடைசியில் ஹால் டிக்கெட் கிடையாதவர்கள் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிய நம்பர்களில் நாற்பத்தொன்றும் இருந்தது. அந்தோணி அதைப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டான். "சினிமாவுக்குப் போனவனுக்கெல்லாம் பிரசன்ட் உழுந்திருக்குது. உள்ளயே உக்காந்து ஆப்சென்ட் ஆனவன் நீ ஒருத்தன்தான்டா."

இரண்டு தலைகள்

வருகை குறைந்தவர்கள் பெற்றோரை அழைத்துவர வேண்டும் என்றும் நோட்டீசில் இருந்தது. கடிதம் போட்டேன். நைனா, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ரயிலடியிலிருந்து டிபார்ட்மென்ட் வரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. திட்டினால் ஒரு பதிலாவது தயார் செய்யலாம்.

லெக்சரர் எங்களைப் பார்க்காமலே, உங்கள் மகன் மாதக்கணக்கில் வகுப்புக்கு வரவில்லை என்று இங்கிலீஷிலேயே ஆரம்பித்தார். மரியாதைக்கு நைனா துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். லெக்சரர் நிமிர்ந்தார். நைனாவின் தலையில் விரல்கடைகூட வளராத முடி. பக்கத்தில் என் தலையிலும் அதே அளவு. அறுப்பு முடிந்த கழனி மாதிரி இரண்டு தலைகள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"வீட்ல யார்?" என்று கேட்டார். அவர் தமிழ் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நைனா சொன்னார். லெக்சரர் வருகைப் பதிவை எடுத்துப் பிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?" என்றார். நைனாதான் பதில் சொன்னார்: "எங்க ஊர்ல மொட்டைத் தலையைப் பாத்தா இன்னா நடந்துச்சின்னு எதிர்ல வர்றவங்களே கேட்டுருவாங்க சார். யாரும் கேக்காத எடத்துல எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு புள்ளைக்குத் தெரியல."

நான் வகுப்பில் இருந்த நாட்களுக்கெல்லாம் லெக்சரர் தன் கையாலேயே திருத்திக் கையெழுத்துப் போட்டார். பெரியப்பாவுக்காக உட்கார்ந்த நாட்களை மன்னிக்கும்படி துறைத் தலைவருக்கு எழுதினார். நாங்கள் கிளம்பும்போது, எனக்கு மறுபடி பயம் வரும்படியாக ஒன்று சொன்னார்: "நாளையிலேருந்து முதல் வரிசையில வந்து உக்காரு. முடி வளர்றதை நானும் தினமும் பார்த்துக்கறேன்."

ஹால் டிக்கெட் வந்தது, பரீட்சை தேறினேன், பட்டமும் வாங்கி எத்தனையோ வருஷம் உத்தியோகமும் பார்த்தாயிற்று. ஆனாலும் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் என் கை தானாகப் போய்த் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறது.