கைப்பிடி எந்தப் பக்கம்?

ஒருத்தர் கம்ப்யூட்டரில் வரைந்த இயந்திரத்தை இன்னொருத்தர் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். கல்யாணத் தரகர் வேலை மாதிரிதான், நல்லபடியாக முடிந்தால் யாருக்கும் நம் ஞாபகம் வராது, கோளாறு என்றால் முதலில் நம் வாசலுக்குத்தான் வருவார்கள்.

"பைல் ஓப்பன் ஆகலை" என்ற வார்த்தையைக் கேட்டு எப்போதாவது தலையில் கை வைத்தவர்களே, நீங்களும் நானும் ஒரே ஜாதி. புதுக்கோட்டை கீழராஜ வீதியில், ஒரு செல்போன் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் டிசைன் வேலை பார்த்து, கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். கூட வேலை செய்கிற கலையரசி டிப்ளமோ படித்தவள். ஆபீஸ் மொத்தமும் நாங்கள் இரண்டு பேர்தான். இங்கே சொல்லப்போவது, கையில் அடிபட்டு வேலையை விட்ட லீமா என்கிற பெண் மறுபடியும் மெஷினில் உட்கார்ந்தாரா இல்லையா என்பதைப் பற்றி. நடுவில் புகுந்து நான் பண்ணிய குளறுபடியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வந்ததும் வராததும்

முதலில் திருமயம் ரோட்டில் டிரெய்லர் கட்டுகிற மாணிக்கம் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் பழைய வாடிக்கையாளர். மெயிலில் வந்த டிசைனை அப்படியே தகடு வெட்டுகிற லேசர் கட்டிங்காரருக்கு அனுப்பினால் போதாதா, நடுவில் நீங்கள் எதற்கு என்று நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஒவ்வொரு மென்பொருளும் தன் பைலைத் தனக்கு மட்டும் புரிகிற மாதிரிதான் எழுதி வைக்கும், அடுத்ததில் திறக்காது, அதனால் எல்லாருக்கும் பொதுவான ஒரு வடிவத்துக்கு நாங்கள் மாற்றுகிறோம் என்று விளக்கினேன். அப்படி மாற்றும்போது பொருளின் உருவம் வந்துவிடும். இந்த ஓட்டை ஏன் இங்கே இருக்கிறது, இந்தத் தகடு ஏன் இவ்வளவு கனம் என்று வரைந்தவர் எழுதி வைத்த குறிப்பெல்லாம் பெரும்பாலும் பழைய இடத்திலேயே தங்கிவிடும். மாணிக்கம் அண்ணன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படம் வந்துருச்சு, சரி. படம் போட்ட ஆளு வரலையே மேடம், நான் யாருகிட்டப் போயிக் கேக்குறது?"

இரண்டும் வலது

அதே மாணிக்கம் அண்ணன் அடுத்த மாதம் ஒரு இரும்புத் துண்டோடு மாடி ஏறி வந்தார். வந்தவர் அதை என் மேசைமேல் வைத்தார். கதவுக் கீலைத் தாங்குகிற துண்டு அது. மாற்றும்போது இடதுபக்கத் துண்டு கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிப் போயிருக்கிறது. எங்கள் தொழிலில் அபூர்வமாக நடக்கிற கோளாறு. நான் கவனிக்கவில்லை.

கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. கலையரசி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "ஒண்ணுமில்ல மேடம், எங்க டிரெய்லருக்கு ரெண்டுமே வலது கதவாப் போச்சு."

அக்கா பைனல் மூன்று

ஆரோக்கியசாமி கந்தர்வகோட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். லீமா அவர் மனைவி. முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். பருப்பு உடையாமல் முழுசாக எடுப்பதில் அந்தக் கொட்டகையிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லையாம். போன வருஷத்துக்கு முந்தின சீசனில் மெஷின் கத்தி அவருடைய இடது ஆள்காட்டி விரல் நுனியைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து மெஷின் பக்கமே போவதில்லை. மற்ற பெண்கள் காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஆரோக்கியசாமி சொன்னார்.

லீமாவின் தம்பி சகாயம் ஷார்ஜாவில் டிசைனர். அக்காவுக்காகவே ஒரு மெஷின் வரைந்து அனுப்பியிருந்தார். மிதியை மிதித்தால் கத்திகள் சேரும், கையால் கைப்பிடியை இழுத்தால் ஓடு பிளக்கும், விரல் உள்ளே போகாமல் ஒரு தடுப்புத் தகடு. பைலுக்குப் பெயர் 'அக்கா பைனல் மூன்று'. திருச்சி லேசர் கட்டிங்காரரிடம் அது திறக்காததால் என்னிடம் வந்தது. சீசன் தொடங்க மூன்று வாரம்தான் இருந்தது. இவ்வளவு பண்ணியும் அவங்க உட்கார மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நான் ஒண்ணும் வற்புறுத்தலீங்க மேடம். ஒரு தடவ வந்து ஒக்காந்து பாத்துட்டா போதும், அம்புட்டுத்தான்" என்றார்.

என் கெட்டிக்காரத்தனம்

பைலை மாற்றித் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைப்பிடி இடதுபக்கம் இருந்தது. நான் பார்த்த கொட்டை உடைக்கிற மெஷின் எல்லாவற்றிலும் கைப்பிடி வலதுபக்கம்தான். ஆகா, மாணிக்கம் அண்ணன் கதவுக்கு ஆன அதே வினை, இந்தத் தடவை கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. முழு மெஷினையும் ஒரே கட்டளையில் வலதுபக்கத்துக்குத் திருப்பினேன். அதோடு விட்டேனா, 'அக்கா பைனல் மூன்று' என்பது ஆபீசில் வைக்கிற பெயரா என்று அதையும் அழித்துவிட்டு 'முந்திரி மெஷின் ஒன்று' என்று வைத்தேன்.

சகாயத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றாள் கலையரசி. வெளிநாட்டில் வேலையாக இருக்கிறவரை இதற்கெல்லாம் தொந்தரவு பண்ணுவார்களா, பார்த்தாலே தெரியவில்லையா என்று நான் ஒரு சின்னப் பிரசங்கமே பண்ணினேன். அவள் என்னைப் பார்க்காமல், கீபோர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்."

லீமா எழுந்துபோனார்

தகடுகள் வெட்டி வந்து, பட்டறையில் மெஷினைக் கட்டி முடித்ததும் ஆரோக்கியசாமி போன் பண்ணினார். கைப்பிடி வெண்ணெய் மாதிரி இறங்குகிறது என்றார். நான் பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாரானேன். ஆனால் அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

லீமா வந்து உட்கார்ந்தாராம். வலதுகையைக் கைப்பிடியில் வைத்தாராம், எடுத்தாராம், மறுபடி வைத்தாராம். பிறகு எழுந்து, உலை வைத்துவிட்டு வந்தேன் என்று வீட்டுக்குப் போய்விட்டார். பயம் இன்னும் போகவில்லை என்று ஆரோக்கியசாமி நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். மெஷினை நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை. ஏன் வந்துவிட்டாய் என்று சாயங்காலம் கேட்டதற்கு லீமா சொன்னது இவ்வளவுதான்: "தம்பி நல்லாத்தான் செஞ்சிருக்கான். எனக்குத்தான் வேணாம்."

ஷார்ஜாவிலிருந்து ஒரு போன்

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருக்கும்போது சகாயம் கூப்பிட்டார். மச்சான் அனுப்பிய மெஷின் போட்டோவைப் பார்த்திருக்கிறார். கைப்பிடி எப்படி வலதுபக்கம் வந்தது என்று கேட்டார். மாற்றும்போது இடதுபக்கம் போயிருந்தது, நான்தான் திருத்தினேன் என்று கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சொன்னது இது.

லீமாவுக்கு இடதுகைப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் அடித்து வலதுகையால் எழுத வைத்தார்கள். கொட்டகையிலும் பீச்சாங்கையால் தொழில் செய்யாதே என்று ஏச்சு. வெளியே எல்லாவற்றையும் வலதுகையால் செய்யப் பழகிக்கொண்டார். வீட்டில் பெற்றவர்கள் பார்க்காதபோது தம்பிக்கு இடதுகையால்தான் குழம்பு ஊற்றுவாராம், அது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அன்றைக்கு அவசரத்தில் அவரையறியாமல் இடதுகை கத்தியைத் தாண்டி வலதுபக்கக் கைப்பிடிக்குப் போயிருக்கிறது. விரல் போனது அப்படித்தான். தன் தப்புதானே என்று புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, தம்பியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அதனால்தான் சகாயம் கைப்பிடியை இடதுபக்கம் வைத்து, இது அப்படியே இருக்கட்டும் என்று டிசைனுக்குள் குறிப்பும் எழுதியிருக்கிறார். பைல் மாற்றுகிற என் மென்பொருள் உருவத்தை மட்டும் கொண்டுவந்தது, குறிப்பை அங்கேயே விட்டுவிட்டது.

பிசைந்த சோறு பிசைந்தபடி இருந்தது. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை, கொட்டகையில் ஒரு தடவை திருத்தினார்கள் என்றால், மூன்றாவது தடவை திருத்தியது நான். மன்னிப்புக் கேட்டேன், தப்பு என்று நினைத்துத்தான் மாற்றினேன் என்றேன். சகாயம் கோபமே இல்லாமல் சொன்னார்: "அது தப்பு இல்லீங்க மேடம். அது எங்க அக்கா."

பட்டறையில்

இதைப் போனில் சொல்லித் தீர்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறிக் கந்தர்வகோட்டைக்குப் போனேன். ஆரோக்கியசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரல் போன விஷயத்தைக் கேட்டதும் அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இவ்வளவு நாள் என்னிடம் சொல்லவில்லையே என்று ஒரு தடவை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

தகடெல்லாம் மறுபடி வெட்டி வர ஒரு வாரம் ஆகும், சீசன் தொடங்கிவிடும், திருச்சிக்கு நானே போய் நிற்கிறேன் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் காதில் வாங்கவில்லை. ஸ்பேனரை எடுத்து போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். பக்கத் தகட்டைக் கையில் எடுத்து, தோசை திருப்புவது போலத் திருப்பி, எனக்குக் காட்டினார். சமமான தகடுதானே, திருப்பினால் இடதாகிவிடுகிறது. வளைத்த தடுப்புத் தகடு ஒன்றை மட்டும் புதிதாக, மறுபக்கமாக வளைத்தால் முடிந்தது. இவ்வளவு படித்தும் எனக்கு அது தோன்றவில்லை. அவர் சொன்னார்: "தகட்டுக்கு ஏது மேடம் சோத்துக்கை, பீச்சாங்கை? நாமதான் சொல்லிக்கிறோம்."

இன்னொரு கை

அன்று மத்தியானமே மெஷின் தயாராகிவிட்டது. ஆரோக்கியசாமி போய் லீமாவைக் கூப்பிட்டு வந்தார். வழியில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. லீமாவின் கண் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. கைப்பிடி இருந்த பக்கத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். நுனியில்லாத விரலோடு அந்த இடதுகை கைப்பிடியைப் பிடித்தது. ஒரு கொட்டையை வைத்தார், மிதித்தார், இழுத்தார். பருப்பு ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். ஆரோக்கியசாமி பட்டறையின் மறுகோடிக்குப் போய், இல்லாத எதையோ தேடினார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். இதே மாதிரி எங்களுக்கும் வேண்டும் என்று ஆளுக்கொரு தடவை உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருத்திக்கும் இடதுகை வரவில்லை, கொட்டைதான் தெறித்து ஓடியது. லீமா சிரித்தார். "கொஞ்ச நேரம் கஷ்டப்படுங்கடி, பதினஞ்சு வருசம் நான் படலையா" என்றார். எனக்கு முன்னே அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். நான் சகாயத்துக்கு வீடியோ அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் ஏறும்போது ஆரோக்கியசாமி வேகமாக வந்தார். ஏதோ நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து முகத்தைச் சரிபண்ணிக்கொண்டேன். "மேடம், மத்த பொம்பளைகளுக்கும் மெஷின் வேணுமாம். நீங்க தப்பாப் போட்டீங்கள்ல, அந்த பைல அழிச்சுறாதீங்க" என்றார்.

அன்றிலிருந்து எந்த பைல் வந்தாலும், அதில் எதையாவது திருத்துவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு இது யார் கைக்கு என்று கேட்டுவிடுகிறேன். நானும் தேடிப் பார்த்துவிட்டேன், அதற்கு மட்டும் எந்த மென்பொருளிலும் பட்டன் இல்லை.